ஃபிளாட் டிவி ஏன் அத்தனை கனம்?

2004 தீபாவளிக்கு முந்தைய வாரம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு 29 இன்ச் ஃபிளாட் டிவி வந்து இறங்கியது. கடையிலிருந்து வந்த இரண்டு பேர் அட்டைப்பெட்டியை வாசல்வரை கொண்டுவந்துவிட்டு மாடிப்படியைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அப்பாவும் மாமாவும் போய்க் கைகொடுத்தார்கள். "திரைப் பக்கத்தை நெஞ்சோட சேத்துப் பிடிங்க சார், பின்னால ஒண்ணுமே கிடையாது" என்று வந்தவரில் ஒருவர் சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே வைத்து முடித்தபோது மாமாவின் முன்கையில் பெட்டியின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த டிவி 50 கிலோவை நெருங்கும். அதில் பெரும்பங்கு முன்பக்கக் கண்ணாடியில்தான் இருந்தது. பின்னால் புடைத்து நிற்கும் கூட்டுக்குள் கொஞ்சம் கம்பிச்சுருள், ஒரு சர்க்யூட் போர்டு, படம் காட்டும் கண்ணாடிக் குடுவையான பிக்சர் டியூபின் மெல்லிய கழுத்து, மற்றபடி காலி இடம். பார்ப்பதற்கு முதுகு பெருத்த பிராணி மாதிரி இருந்தாலும் பாரமெல்லாம் முகத்தில்தான். டியூப் டிவி ஸ்டாண்டிலிருந்து எப்போதும் முன்பக்கமாகவே கவிழ்வதற்கும் இதுவே காரணம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னமும் ஒன்று இருந்தால், தயவுசெய்து அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

இன்று ஃபிளாட் டிவி என்றால் சுவரில் மாட்டும் மெலிந்த டிவி என்று ஆகிவிட்டது. அன்று அந்தப் பெயருக்குப் பொருள் வேறு: பிக்சர் டியூப் உள்ள டிவிதான், ஆனால் திரை வளையாமல் தட்டையாக இருக்கும். அதற்கு முந்தைய டிவிகளின் திரை, தண்ணீர்ப் பானையின் வயிறு போல முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தால் பாதி படம் தெரியாது. தட்டைத் திரையில் அந்தத் தொந்தரவு குறைந்தது, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகங்கள் கோணாமல் தெரிந்தன. ஆனால் பிக்சர் டியூப் என்ற பொருளின் இயல்பே வளைவுதான். அதைத் தட்டையாக்க நினைத்தால் கண்ணாடி, மின்சாரம், இரும்புத் தகடு, காந்தம் என்று ஒவ்வொன்றோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

முதலில் கண்ணாடி. டியூபுக்குள் காற்று இல்லை, கிட்டத்தட்ட முழு வெற்றிடம். வெளியே நம்மைச் சுற்றியிருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. 29 இன்ச் டிவியில் கண்ணுக்குத் தெரியும் திரை ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் அகலம், 41 சென்டிமீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள்: 2 டன்னுக்கு மேல். ஹாலில் நாம் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அத்தனை பாரத்தை அந்தக் கண்ணாடி சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

வளைந்த கண்ணாடிக்கு இது சுலபம். முட்டை ஓடும் பழைய வீட்டு வாசலின் செங்கல் வளைவும் செய்கிற வேலைதான். மேலே விழும் பாரத்தை வளைவு பக்கவாட்டுக்குத் தள்ளிவிடும். பொருள் நசுங்கப் பார்க்குமே தவிர இழுபடாது. கண்ணாடி நசுக்குவதை நன்றாகத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். தட்டைக் கண்ணாடியோ இரண்டு பக்கமும் தாங்கி வைத்த பலகை போன்றது. அழுத்தினால் நடுவில் உள்வாங்கும், உள்பக்கம் இழுபடும். இதற்கு முதல் வழி கண்ணாடியின் தடிமனைக் கூட்டுவதுதான். கூட்டினார்கள். முகத்தைச் சுற்றி, மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது போல, ஓர் எஃகுப் பட்டையையும் இறுக்கினார்கள். அப்படியும் பல டியூப்களில் வெளிப்பக்கம் மட்டும்தான் தட்டை. உள்பக்கம் லேசாக வளைந்தே இருக்கும், அதனால் நடுவைவிட ஓரங்களில் கண்ணாடி தடிமனாக இருக்கும். திரை அகல அகல இந்தக் கணக்கு கட்டுக்கடங்காமல் போகிறது. அமெரிக்காவில் விற்ற சோனியின் 40 இன்ச் டியூப் டிவி ஏறக்குறைய 135 கிலோ.

அடுத்தது படம் வரையும் முறை. டியூபின் கழுத்தில் இருக்கும் துப்பாக்கி மூன்று எலக்ட்ரான் கற்றைகளை உமிழ்கிறது. திரைப் பக்கம் 27,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்து அவற்றை இழுக்கிறார்கள். அந்த இழுப்பில் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் 30 சதவீதத்தைத் தாண்டிவிடும், அதாவது நொடிக்கு 90,000 கிலோமீட்டருக்கு மேல். கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச்சுருளை மெக்கானிக்குகள் யோக் என்பார்கள். அதில் ஓடும் மின்சாரம் ஏறி இறங்க, கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும், திரும்பி வந்து அடுத்த கோடு இழுக்கும். நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆக நொடிக்கு 15,625 கோடுகள்.

இதில் தட்டைத் திரை எப்படிக் குழப்புகிறது என்பதை ஒரு டார்ச் லைட்டை வைத்தே பார்த்துவிடலாம். இருட்டு அறையில் சுவருக்கு எதிரே நின்று டார்ச்சை ஒரே சீராகப் பக்கவாட்டில் திருப்புங்கள். நேர் எதிரில் வட்டமாக, மெதுவாக நகரும் வெளிச்சம், ஓரம் போகப் போக வேகமெடுக்கும், நீள்வட்டமாக இழுபடும். நீங்கள் நிற்கும் இடத்தை மையமாக வைத்துச் சுவரே வளைந்திருந்தால் இந்தக் கோளாறு வராது. பழைய வளைந்த திரைக்கு இந்தச் சலுகை ஓரளவு கிடைத்தது. தட்டைத் திரையில் மூலைகள் துப்பாக்கியிலிருந்து அதிக தூரத்தில் இருப்பதால் படத்தின் நான்கு மூலைகளும் வெளியே இழுபட்டு, பக்கங்கள் உள்ளே குழியும். ஓரத்தில் எழுத்து மங்கலாகும், மூன்று நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. இதையெல்லாம் சரிக்கட்ட, கற்றை எந்த இடத்துக்குப் போகிறதோ அதற்கேற்ப யோக்குக்குப் போகும் மின்சாரத்தையும் கற்றையின் குவியத்தையும் கணத்துக்குக் கணம் மாற்றும் சர்க்யூட் தேவைப்பட்டது. எங்கள் டிவியில் செய்தி சேனல்களின் அடியில் ஓடும் வரி, வலது ஓரத்தில் நுழையும்போது சற்றே கீழே தொங்கி, நடுவுக்கு வந்து நேராகி, இடது ஓரத்தில் மறுபடி தொங்கிப் போகும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று நிற்கிறது. அதில் லட்சக்கணக்கான பொடித் துளைகள். சிவப்புக்கான கற்றை, திரையின் உள்பக்கத்தில் சிவப்பாக ஒளிரும் பூச்சில் மட்டும், பச்சைக்கானது பச்சையில் மட்டும் விழ வேண்டும் என்பதற்கான வடிகட்டி அது. வருகிற எலக்ட்ரான்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்தத் தகட்டிலேயே மோதி வீணாகிச் சூடாகிறது. சூட்டில் தகடு புடைத்தால் துளைகள் நகரும், நிறம் கெடும். அதனால் சூட்டுக்கு அசையாத இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் தகட்டைச் செய்தார்கள். அந்தக் கலவையைக் கண்டறிந்த சார்ல் எதுவார் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கடிகாரங்களுக்கும் அளவுகோல்களுக்கும் பயன்பட்ட உலோகம் கடைசியில் நம் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. சோனி 1968இல் கொண்டுவந்த டிரினிட்ரான் வேறு வழியில் போனது. துளைத் தகட்டுக்குப் பதில், மேலிருந்து கீழாக வீணைத் தந்திகள் போல இழுத்துக் கட்டிய மெல்லிய இழைகள். இழுத்துக் கட்டியது நேராகத்தானே நிற்கும்? அதனால் அந்த டியூப் ஆரம்பம் முதலே மேலிருந்து கீழாகத் தட்டையாக இருந்தது. இழைகள் அதிராமல் இருக்கக் குறுக்கே கட்டிய கம்பியின் நிழல், வெள்ளையான காட்சிகளில் மயிரிழை போலத் தெரியும்.

இனி காந்தம். எனக்கு இந்த டிவியின்மேல் பிரியம் வரக் காரணமே இதுதான்.

வாங்கிய இரண்டாம் மாதம் ஓர் ஊஃபர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து டிவிக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். அன்று மாலை திரையின் இடது மூலையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு. ஸ்பீக்கரின் காந்தம் எலக்ட்ரான்களின் பாதையை வளைத்து, சிவப்புக்குப் போக வேண்டியதைப் பக்கத்து நிறத்தில் விழ வைத்திருந்தது. ஒரு நிறக்கோட்டின் அகலம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அந்த அளவு பிசகினாலே போதும். ஸ்பீக்கரை எடுத்த பிறகும் திட்டு போகவில்லை, ஏனென்றால் உள்ளேயிருக்கும் இரும்புத் தகடே காந்தமாகியிருந்தது. மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். "ஸ்பீக்கர மொதல்ல அடுத்த ரூம்ல வையி தம்பி" என்றார். பையிலிருந்து தட்டு அகலத்துக்கு ஒரு கம்பி வளையத்தை எடுத்து மின்சாரம் கொடுத்து, திரைக்கு முன்னால் மெதுவாகச் சுற்றினார். படம் முழுக்க வானவில் போல நிறங்கள் குழம்பிச் சுழன்றன. சுற்றிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்து, வாசல்படி வரை போய் வளையத்தை அணைத்தார். திரை சுத்தமாகிவிட்டது. வளையத்தில் ஓடுவது நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்சாரம். தகட்டை அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் காந்தமாக்குகிறது. அவர் விலக விலக ஒவ்வொரு சுற்றின் வலிமையும் குறைந்துகொண்டே வந்து ஒன்றுமில்லாமல் போகிறது. பின்னால் நடக்காமல் நின்ற இடத்திலேயே அணைத்திருந்தால் திட்டு இன்னும் பெரிதாகியிருக்கும்.

இதே வேலையைச் சின்ன அளவில் டிவியே செய்துகொள்கிறது. ஸ்விட்ச் போட்டதும் 'டொங்' என்று கேட்குமே, அது டியூபைச் சுற்றிக் கட்டிய சுருளில் மின்சாரம் பாய்ந்து ஓரிரு நொடியில் தேய்ந்து மறையும் சத்தம். சூடானால் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு சின்ன வில்லைதான் அதைத் தேய வைக்கிறது. வில்லை ஆறினால்தான் அடுத்த டொங். "அரை மணி நேரம் அமத்திப் போட்டுட்டுப் போடு" என்று அண்ணாச்சி சொன்னது இதற்காகத்தான்.

பூமியும் ஒரு காந்தமாயிற்றே? அதன் விசை சிறியதுதான். ஆனால் தடுப்பு இல்லாவிட்டால், டியூபுக்குள் எலக்ட்ரான் போகும் அந்த ஓரடி தூரத்துக்குள் அதைச் சில மில்லிமீட்டர் நகர்த்திவிடும். அதனால் உள்ளே இரும்புக் கவசம் உண்டு. இதில் எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா பக்கமாகத்தான் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும் அதுதான் காரணம். இங்கே காந்தப்புலம் தரைக்கு இணையாக, தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. ஆகவே டிவி வடக்கையோ தெற்கையோ பார்த்து இருந்தால் புலம் டியூபின் நீளத்தோடு சேர்ந்து ஓடும். படம் முழுவதும் ஒரு பக்கமாக லேசாகச் சாயும். எங்கள் டிவி வடக்கு பார்த்து இருந்தபோது படத்தின் அடிவிளிம்பு ஒரு பக்கம் விரல் கனம் இறங்கியிருந்தது. மரச்சட்டம் கோணல் என்று நினைத்து அப்பா அடியில் அட்டை மடித்து வைத்தார். பிறகு டிவியைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினோம், சாய்வு காணாமல் போனது. பெரிய தட்டை டிவிகளின் மெனுவில் படத்தைச் சுழற்றும் ஒரு வசதி இருந்ததும் இதற்குத்தான்.

போன வருடம் மச்சில் கிடந்த அந்த டிவியை என் மகளுக்காக மறுபடி போட்டேன். "கீய்ய்னு கத்துதுப்பா" என்று காதைப் பொத்திக்கொண்டாள். நொடிக்கு 15,625 கோடு இழுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதே கதியில் அதிர்கிறது. சின்ன வயதில் எனக்கும் அது தெருவிலிருந்தே கேட்கும், இப்போது கேட்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். முடி சிலிர்த்து, சடசடவென்று பொரிந்தது. பழைய கிரிக்கெட் சிடி ஒன்று போட்டோம். பந்து கோடாக இழுபடாமல் பந்தாகவே ஓடியது. டியூபில் எந்தக் கணத்திலும் சில கோடுகள் மட்டுமே பளிச்சென்று எரிந்து அணைகின்றன. முழுப் படத்தையும் கோர்ப்பது நம் கண். எல்சிடியில் ஒரு படம் அடுத்தது வரும்வரை அப்படியே நிற்கிறது, பந்தைத் துரத்தும் கண்ணுக்கு அது தீற்றலாகிவிடுகிறது.

பழைய சாமான் எடுப்பவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது யோக்கில் இருக்கும் செம்பு. கழுத்தை உடைத்து அதை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் குளத்தங்கரையில் கொட்டிவிடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன். அத்தனை வோல்ட்டில் எலக்ட்ரான் மோதும்போது பிறக்கும் எக்ஸ் கதிரைத் தடுக்க, பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். இந்த அளவு டியூபில் அது ஒரு கிலோவுக்குக் குறையாது. 2012 முதல் மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களும் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்துக்குக் கொண்டுபோக வண்டி பேசும்வரை, டிவி மச்சிலேயே கிழக்குச் சுவரோரம் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.