ஏரியில் மீன் செத்து மிதந்தால் முதலில் பாட்டிலை எடுங்கள்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டவர்கள் மாதிரி கொண்டுவருவார்கள். பெரும்பாலும் மீன் செத்து இரண்டு நாள் கழித்து, கழுவாத கூல்டிரிங்ஸ் பாட்டிலில். "தண்ணி தெளிவாத்தான் சார் இருக்கு" என்பார்கள். அதற்குள் டேனரியிலிருந்து, அதாவது தோல் பதனிடும் ஆலையிலிருந்து, வந்த கழிவு ஏரி நிரம்பி வழியும் கலங்கலைத் தாண்டிப் போயிருக்கும்.

தெளிவை நம்பாதீர்கள். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைக்கும்போதே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும். சாதாரண சுத்திகரிப்பில் நாற்றம் குறையும், உப்பு போகாது. அதை எடுக்க ஆர்.ஓ. வேண்டும். அடுத்தது குரோமியம். பதனிடும்போது தோல் இழுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் கழிவில்தான் வரும். பதனிடப் போடும் இந்த டிரைவேலன்ட் வகையின் நச்சு குறைவு. இன்னொரு வகையான ஹெக்சாவேலன்ட் குரோமியம் அப்படியல்ல, புற்றுநோயையே உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய, குரோமிய ரசாயனம் தயாரித்த ஆலை விட்டுப்போன, ஹெக்சாவேலன்ட் கலந்த கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். குடிநீரில் அனுமதிக்கும் மொத்தக் குரோமியமோ லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.

மீன் எப்படிச் செத்தது என்று பாருங்கள். விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, பெரிய மீன்கள் முதலில் போனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். கழிவு அழுகினாலும் இது நடக்கும். பட்டப்பகலில் சிறுசும் பெருசும் சேர்ந்து போனால் விஷத்தைச் சந்தேகப்படுங்கள்.

சரி, மாதிரி எடுப்பது எப்படி? புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்புங்கள். மீன் செத்த இடத்தில் ஒன்று, கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் ஒன்று. நேரம், இடம் எழுதி ஒட்டி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். ஹெக்சாவேலன்ட் குரோமியத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

செத்த மீனைக் கருவாடு போடவே கூடாது. காயவைத்தாலும் வேகவைத்தாலும் உலோகம் போகாது. சந்தேகமான ஏரி என்றால் உயிரோடு பிடித்த கெண்டையும் ஜிலேபியும்கூட வேண்டாம். சதையைவிடச் செவுளிலும் ஈரலிலும்தான் குரோமியம் அதிகம் சேரும். குழந்தைக்கு ஆசையாகக் கொடுக்கும் தலைக்கறியில் அந்தச் செவுள் இருக்கிறது.

பாலாற்று மாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கும்படி மறுபடியும் உத்தரவிட்டது. இவ்வளவு வருடம் இழுத்தது எனக்கு ஆறவே இல்லை. ஆனாலும் உங்கள் ஏரிக்கு நியாயம் கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.