சொல்லக் கூச்சப்பட்டு வைத்திருக்கும் நோய்

பெண்கள் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் எந்த மருத்துவரும் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: "வலிக்கவே இல்லையே டாக்டரம்மா, அதான் வரலை." மார்பில் கட்டி தட்டுப்பட்டு மாதக்கணக்காகியிருக்கும். மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்துத் துணியில் ரத்தம் பட்டிருக்கும். இரண்டுமே புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம், ஆனாலும் வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். வலி இல்லாதது பாதிக் காரணம்தான், மீதிப் பாதி கூச்சம்.

இந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததில்லை. ஒரு வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த ஆங்கிலேயப் பெண் மேரி ஷார்லீப். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்பதற்காகப் பெண்கள் பிரசவத்தில் வீட்டுக்குள்ளேயே மடிவதைப் பார்த்து, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதன்முதலாக அங்கே சேர்க்கப்பட்ட நான்கு பெண்களில் அவரும் ஒருவர். லண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர், 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்றே, அதாவது அந்நிய ஆண்கள் முன் வராமல் திரை மறைவில் இருந்த பெண்களுக்கென்றே, ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் திறந்தார். நோயாளி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சாலையோரம் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார்.

ஆனால் என்னைப் போன்ற மருத்துவர்கள் மறக்கக் கூடாத கதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியுடையது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கை சுந்தரம்பாளுக்கு ரத்தப் போக்கு வந்தபோது சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிவதற்குள் முற்றிவிட்டது. இள வயதிலேயே அவர் இறந்துபோனார். கவனியுங்கள், இது டாக்டர் இருந்த வீட்டில் நடந்தது.

புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிலேயே அவர் கேட்டார். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. கேட்டதிலிருந்து கிடைக்க 19 வருடம்! ஆரம்பத்தில் அங்கே இருந்த டாக்டர்கள் இரண்டே பேர்: அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி, 1955-இல் சேர்ந்த சாந்தா. அரசு வேலை கையில் இருந்தும் சாந்தா இந்தச் சின்ன இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். 2021-இல் இறக்கும் வரை அந்த வளாகத்தை விட்டு அவர் போகவில்லை. மகசேசே, பத்ம விபூஷண் விருதுகள் எல்லாம் பின்னால் வந்தன. என்னைக் கேட்டால், கையில் காசில்லாத நோயாளிக்கும் அதே தரத்தில் வைத்தியம் என்று கடைசி வரை பிடிவாதமாக நின்றாரே, அதுதான் பெரிது.

சரி, இன்றைக்கு வருவோம். சுந்தரம்பாளுக்கு நடந்தது இப்போதும் நடக்கிறது, சீதபேதிக்குப் பதில் 'மூலம்' என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மலத்தில் ரத்தம் வந்தால் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம், ஆனால் பரிசோதிக்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது. ரத்தத்தோடு மலம் கழிக்கும் வழக்கமும் மாறியிருந்தால், எடை குறைந்தால், போய் வந்த பிறகும் முழுதாகப் போகவில்லை என்று தோன்றினால், கடைக்காரரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாருங்கள்.

மார்பகக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் சுருங்கிக் குழி விழுவது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, இவையும் அப்படியே. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது 'சூடு' இல்லை. தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம் வருவதும், நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் காட்ட வேண்டியவையே. இதையெல்லாம் கணவரிடம் சொல்லவே தயங்குகிறவர்கள், ஓ.பி.யில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வார்கள்? அதனால் தனியாகப் பேச வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்புவது எங்கள் வேலை.

கருப்பை வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. அது ஒரே நாளில் வருவதில்லை. புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலேயே பொதுவாகப் பல வருடங்கள் இருக்கும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை, பாதித்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்கான பரிசோதனை இலவசம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. வெள்ளை தெரிந்தால் உடனே பயந்துவிடாதீர்கள், அடுத்த பரிசோதனை தேவை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும் என்றால் கேளுங்கள், தப்பில்லை.

அப்புறம், வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தடுக்கும் தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் விசாரியுங்கள். ஊசி போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்த நோய்க்குக் காரணமான எல்லா வைரஸ் வகைகளையும் அது தடுப்பதில்லை. அந்தப் பிள்ளையும் 30 வயதானதும் பரிசோதனைக்கு வர வேண்டும்.