இ.எஸ்.ஐ. பிடித்தம் குறைந்தது, பலனும் சேர்ந்து குறைந்தது

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொகை சின்னதாக இருப்பதால் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. 2019 ஜூலை 1 முதல் நிறுவனத்தின் பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகவும், தொழிலாளியின் பங்கு 1.75-லிருந்து 0.75 ஆகவும் இறங்கியது. 20,000 ரூபாய் சம்பளத்தில் 350 ரூபாயாக இருந்த பிடித்தம் 150 ஆனது. பலனில் கை வைக்கவில்லை, அதனால் அது சுத்தமான லாபம்.

2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அப்படிப்பட்டதல்ல. அது விகிதத்தைத் தொடாமல், ‘ஊதியம்’ என்பதற்கான வரையறையையே மாற்றியிருக்கிறது.

பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் வீட்டு வாடகைப்படியும் ஓ.டி.யும் (கூடுதல் நேரச் சம்பளம்) ஊதியக் கணக்கில் சேர்ந்தன. புதிய வரையறையில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் மையம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓ.டி., கமிஷன் ஆகியவை விலக்கு. இப்படி விலக்கப்படுபவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் ஊதியத்தோடு திரும்பச் சேரும். ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ விலக்குப் பட்டியலில் இல்லை. அதற்கு வேறு பெயர் சூட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் ஆய்வின்போது மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு பெண் தொழிலாளியின் கணக்கைப் பார்ப்போம். அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000, வீட்டு வாடகைப்படி 7,000, மொத்தம் 20,000. முன்பு பிடித்தம் 150 ரூபாய், இனி 13,000-க்கு மட்டும் 98. மாதம் 52 ரூபாய் மிச்சம். ஆனால் 26 வார மகப்பேறு பலன் சராசரி நாள் ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 20,000-க்கு ஏறக்குறைய 1,21,000 ரூபாய் வந்திருக்கும். 13,000-க்கு ஏறக்குறைய 79,000-தான். நோய்க்கால உதவியும் நாளுக்கு 467-லிருந்து 303 ரூபாயாகச் சரிகிறது. மருத்துவச் சிகிச்சைக்கு மட்டும் இதனால் பாதிப்பில்லை, அது ஊதியத்தைப் பொறுத்தது அல்ல.

அடிப்படையையும் பஞ்சப்படியையும் வைத்துக் கணக்கிடப்படும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) செலவை மிச்சப்படுத்தத்தான் பல நிறுவனங்கள் சம்பளத்தை இப்படி உடைத்து வைத்தன. அந்தப் பழக்கத்தின் பாரம் இப்போது தொழிலாளி தலையில் வந்து விழுகிறது. 7,000-ஐயும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தால் என்ன ஆகும்? பி.எஃப். 15,000 உச்சவரம்போடு நிறுத்தப்பட்டால், கூடுவது 2,000-க்கு 12 சதவீதம், அதாவது இரு தரப்புக்கும் தலா 240 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் நிறுவனத்துக்குக் கூடுவது 227.50. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பொறுப்பு ஆண்டுக்குச் சுமார் 4,000 ஏறும். பயமுறுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை. தொழிலாளிக்குக் கையில் வருவது மாதம் முந்நூறு ரூபாய்போலக் குறையும் என்பதால், அவரிடம் விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

இதற்கு நேரெதிரான விளைவும் உண்டு. அடிப்படை 14,000, வாடகைப்படி 9,000, போக்குவரத்துப்படி 5,000 என்று 28,000 வாங்குபவர், பழைய கணக்கில் 23,000 ஊதியத்தோடு, இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான 21,000 வரம்புக்கு வெளியே நின்றார். புதிய வரையறையில் அவர் ஊதியம் 14,000. அவர் உள்ளே வருகிறார்: நிறுவனத்துக்கு 455 ரூபாய், அவருக்கு 105. இப்படி உள்ளே வருபவர்களை, நிறுவனம் எடுத்துத் தரும் க்ரூப் மருத்துவப் பாலிசியிலிருந்து உடனே நீக்கிவிடுவது அவசரப்புத்தி. அவர்களுடைய ஐ.பி. எண் (காப்பீடு பெற்றவருக்கான எண்), ஆதார் இணைப்பு, குடும்ப விவரப் பதிவு எல்லாம் முடிந்து டிஸ்பென்சரி ஒதுக்கப்படும் வரை பாலிசி இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. ஜூலையில் சம்பள உயர்வு வந்து ஊதியம் 20,500-லிருந்து 23,000 ஆகிறது. மென்பொருள் 21,000-ஐத் தாண்டியதும் பிடித்தத்தை நிறுத்திவிடுகிறது. அப்படி நிறுத்தக் கூடாது. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும் வரை முழு 23,000-க்கும் கட்ட வேண்டும். மூன்று மாதம் விட்டுப்போனால் ஏறக்குறைய 2,760 ரூபாயும், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் நிறுவனத்தின் கையிலிருந்துதான் போகும். தொழிலாளியின் பங்கைப் பின்னால் வரும் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தராது.

தொழிலாளிக்கு இதில் இன்னும் பெரிய இழப்பு. நோய்க்கால உதவிக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் பங்களிப்புக் கட்டிய 78 நாள் தேவை. ஜூலையில் பிடித்தம் நின்றால் கணக்கில் வருவது ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாள்தான். சம்பளமில்லா விடுப்பு 14 நாள் எடுத்திருந்தால் 77. ஒரு நாளில் தகுதி போயிற்று. முறையாகக் கட்டித் தகுதி பெற்றவர் அக்டோபரில் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறினாலும் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை சிகிச்சை பெறலாம். இது தெரியாமல் சொந்தக் காசில் மருத்துவமனைக்குக் கட்டுபவர்கள் ஏராளம்.

வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்கான க்ரூப் பாலிசியில் இன்னொரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. க்ரூப் பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. 6 லட்சம் பிரீமியத்துக்கு 1,08,000 வரி. சட்டப்படி கட்டாயமான காப்பீடாக இல்லாவிட்டால் அதற்கு உள்ளீட்டு வரி வரவும் (கட்டிய வரியை நிறுவனம் தன் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. “காசாகக் கொடுத்துவிடுங்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று கேட்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அந்தப் பணம் வருமான வரிக்கு உட்பட்ட சம்பளம். தனிநபர் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், க்ரூப் பாலிசி கையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும்.