சிட்-இன்: உள்ளிருப்புப் போராட்டம்

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் 'சிட்-இன்'. உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லும் இடத்துக்குள்ளேயே போய், அமைதியாக உட்கார்ந்து, எழுந்திருக்க மறுப்பது என்று பொருள். இதற்கு முன்பே, 1936-37இல், மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறாமல் நடத்திய வேலைநிறுத்தத்தை 'சிட்-டவுன்' என்றார்கள்.

'சிட்-இன்' உலகறிந்த சொல்லானது 1960 பிப்ரவரி 1க்குப் பிறகுதான். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் எசெல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல் என்ற நான்கு முதலாண்டு மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குப் போனார்கள். பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அதே கடையின் உணவுப் பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். அங்கே வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறுவார்கள். பற்பசைக்குக் காசு வாங்கிய கடை காபி தர மறுத்தது. கடை மூடும் வரை நால்வரும் எழவில்லை. மறுநாள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த வாரத்துக்குள் நூற்றுக்கணக்கானோர். ஜூலை 25 அன்று கடை பணிந்தது. அங்கேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களுக்குத்தான் முதலில் பரிமாறினார்கள்.

இதே போராட்டத்தை டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் நடத்திய மாணவர்களுக்கு, அடித்தாலும் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். நாக்பூரில் தங்கியிருந்த காலத்தில் காந்தியின் சத்தியாக்கிரக முறைகளைக் கற்றவர் அவர்.

சும்மா உட்கார்ந்திருப்பது பேச்சுரிமையில் சேருமா? சேரும் என்று 1961லேயே அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஒரு வழக்கில் எழுதினார். 1966இல், லூசியானாவில் ஒரு நூலகத்தை விட்டு வெளியேற மறுத்த ஐந்து கறுப்பின இளைஞர்களின் தண்டனையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஓசையில்லாத எதிர்ப்பும் கருத்துரிமைதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இந்த இயக்கத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறியல்' பொருந்தாது. மறித்தல் என்றால் தடுத்தல்; இந்த மாணவர்கள் யார் வழியையும் அடைக்கவில்லை, மற்றவர்களைப் போலத் தங்களுக்கும் பரிமாறச் சொன்னார்கள். 'தர்ணா' வடக்கிலிருந்து வந்த சொல், பெரும்பாலும் வாசலில் நடப்பது. உள்ளிருப்புப் போராட்டம் என்பதே சரி. 'இரு' என்பதற்கு உட்கார் என்ற பொருளும் உண்டு. இருக்கை அதிலிருந்து வந்ததுதான். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரை இன்றும் 'இருங்கோ' என்றுதான் உட்காரச் சொல்கிறார்கள்.

வெள்ளையர் தேவாலயத்தில் மண்டியிட்ட 'நீல்-இன்', வெள்ளையருக்கென ஒதுக்கிய கடற்கரையில் தண்ணீருக்குள் இறங்கிய 'வேட்-இன்' என்று பிறகு பல வந்தன. முதலாவதை தேவாலய உள்ளிருப்பு என்றே எழுதலாம். இரண்டாவதற்கு அது ஒட்டாது. கடலில் இறங்கும் போராட்டம் என்று விரித்து எழுதுவதே நல்லது.