காத்திருப்புக்கு ஏன் முல்லை?

கார்காலம் வந்துவிட்டது, வருவதாகச் சொன்னவன் வரவில்லை, தலைவி ஆற்றியிருக்கிறாள். முல்லைத்திணையின் கதை இவ்வளவுதான். பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்தும் விடுகிறோம். ஆனால் பூவின் வேதியியலையும் மூக்கின் நரம்பமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த இலக்கணத்துக்குள் கூர்மையான கள அறிவு இருப்பது தெரியும்.

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர், நல்ல சகுனமாக ஒரு சொல் காதில் விழுமா என்று நற்சொல் கேட்க ஊர்ப்புறம் போகிறார்கள். நெல்லோடு அவர்கள் தூவுவது அப்போதுதான் கட்டவிழும் முல்லையை. மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுது அது. முல்லையும் மல்லிகையும் ஒரே பேரினம். பகலில் மூடிக்கிடந்து பொழுது சாயும்போது அவிழ்வது இரண்டுக்கும் பொது. வெள்ளை நிறமும் தூரம் போகும் மணமும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்க.

மணம் மொட்டுக்குள் தயாராக அடைபட்டிருப்பதில்லை. மல்லிகை மொட்டில் லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்ற பொருள்கள் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்திருக்கின்றன. அந்த நிலையில் அவை ஆவியாகாது, மணக்காது. அவிழும் நேரத்தில் ஒரு நொதி அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. பென்சைல் அசிடேட் போன்ற வேறு சில, அந்த நேரத்தில் புதிதாகவே உருவாகின்றன. பறித்த பிறகும் இந்த வேலை நிற்பதில்லை. விடியுமுன் பறித்த மொட்டு, மாலையில் தலையில் இருக்கும்போது மணப்பது இதனால்தான்.

சிக்கலும் இங்கேதான் வரும். முற்றி வெளுத்த மொட்டுதான் சரியாக அவிழும். பச்சை மாறாத இளமொட்டைச் சேர்த்துக் கட்டினால் அது அப்படியே வாடிவிடும், மணமும் இருக்காது. காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டிவைத்தால் உள்ளே நீர் வியர்த்து இதழ் பழுப்பாகும். ஃபிரிட்ஜில் வைத்தால் அவிழ்வதே தள்ளிப்போகும். மாலை விசேஷத்துக்குப் பூ வேண்டுமானால் மதியமே வெளியே எடுத்து, வாழையிலையிலோ பிழிந்த ஈரத்துணியிலோ தளர்வாகச் சுற்றி வைப்பது நல்லது.

இந்த மணத்தில் இண்டோல் என்ற பொருளும் உண்டு. செறிவாக முகர்ந்தால் மலநாற்றம், மிகச் சிறிதளவில் பூவாசம். அதை எடுத்துவிட்டால் மல்லிகை வெறும் சோப்பு வாசனை ஆகிவிடும். மலிவான மல்லிகை சென்ட் போலியாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இனி மூக்கு. மனிதருக்குச் சுமார் 400 வகை மண உணர்விகள் உள்ளன. அவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி முதலில் தாலமஸ் என்ற சந்திப்பைக் கடந்துதான் பெருமூளைப் புறணிக்குப் போகும். மணம் அந்தச் சந்திப்பைக் கடக்கத் தேவையில்லை. மூக்கிலிருந்து நுகர்ச்சிக் குமிழ், அங்கிருந்து நேரே உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா. நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அதனால்தான் இன்ன பூ என்று பெயர் நினைவுக்கு வருமுன்பே நெஞ்சு அடைக்கிறது.

அதற்காக மல்லிகையில் 'காதல் ஹார்மோன்' இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஏக்கம் அந்த மூலக்கூறில் இல்லை. எந்த மணத்தை எந்தச் சூழலில் முதலில் சந்தித்தோமோ, அந்த இணைப்பு வலுவாக ஒட்டிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் பழகியவருக்கு மல்லிகை ஒன்று, சாவு வீட்டு மாலையில் பழகியவருக்கு வேறொன்று. முல்லைத்திணையில் அந்த இணைப்புக்கு வேண்டியதெல்லாம் கூடியிருக்கிறது: மாடு வீடு திரும்பும் நேரம், விளக்கேற்றும் நேரம், வரவேண்டியவர் வரவேண்டிய நேரம், பூ அவிழும் நேரம். நான்கும் ஒன்றே. நாள்தோறும் அதே மணம், நாள்தோறும் அதே வெறும் வாசல் என்றால் மூளை இரண்டையும் சேர்த்தே பதியும்.

பூ வைத்திருப்பவருக்குச் சில நிமிடங்களில் அதன் வாசம் தெரியாமல் போகும், மூக்கு பழகிவிடுவதால். பக்கத்தில் வந்து உட்காருபவருக்கு அது புதிதாகவே எட்டும். சற்று வெளியே போய்த் திரும்பினால், வைத்திருப்பவருக்கும் திரும்பத் தெரியும்.