ஊக்கை எடுப்பதற்கு முன்

சென்ற வாரம் கும்பகோணத்தில் நான்கு குடித்தனங்கள் இருக்கும் ஒரு பழைய வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மாடிப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த கல்லூரி மாணவர், ரவுட்டரின் (நெட்டை வீட்டுக் கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் பெட்டி) அமைப்புப் பக்கத்துக்குள், அதாவது செட்டிங்ஸுக்குள், நுழைய முடியவில்லை என்பதற்காக, ரேழியில் மாட்டியிருந்த வீட்டுக்காரரின் பெட்டியில் உள்ள சிறிய ரீசெட் துளைக்குள் ஊக்கை நுழைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடித்திருக்கிறார். நான்கு குடித்தனத்துக்கும் நெட் போயிற்று. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். இந்த மாதத்தில் இது நான் பார்க்கும் மூன்றாவது ஊக்கு.

ரீசெட் என்பது அணைத்துப் போடுவது அன்று. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால் பெட்டி தன் நினைவில் உள்ளவற்றோடு எழுந்திருக்கும். ஊக்கால் அழுத்தினாலோ, கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். இணைப்பு நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும், நாங்கள் உள்ளே போட்டுவைத்த வீலான் (VLAN) எண்ணும் (நிறுவனத்தின் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன வைஃபை பெயரும் போய்விடும். சில நிறுவனங்களின் பெட்டிகளில் இவை தொலைவிலிருந்தே திரும்ப ஏறிவிடும் என்றாலும் பலவற்றில் ஏறாது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளவை அமைப்புப் பக்கத்துக்கும் வைஃபைக்கும் உரியவை மட்டுமே. இணைப்புக்குரிய பயனர் பெயரை அங்கே தேடாதீர்கள்.

அந்த மாணவருக்கு உண்மையில் நடந்தது வேறு. அவர் தமக்கென ஒரு ரவுட்டர் வாங்கி, கீழேயிருந்து வந்த கேபிளை அதன் வான் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) துளையில் செருகாமல் லான் (LAN, வீட்டுக் கருவிகளை இணைக்கும்) துளையில் செருகியிருந்தார். இரண்டு பெட்டிகளுக்கும் முகவரி 192.168.1.1. இந்த எண் உலகத்தில் ஒரே ஒரு பெட்டிக்கு உரியது என்று பலரும் நம்புகிறார்கள். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனி வலையமைப்புகளுக்கென்றே, 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணத்தின்படி, ஒதுக்கப்பட்டவை. யார் வீட்டிலும் அவை இருக்கலாம். நம் பக்கத்து ஊர்களில் மேலத்தெரு இருப்பதைப் போலத்தான்: மன்னார்குடியிலும் இருக்கும், மயிலாடுதுறையிலும் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு மேலத்தெரு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அப்படித்தான், தம் பெட்டியின் பக்கம் என்று நினைத்து, மாணவர் தம் பெட்டியின் கடவுச்சொல்லை வீட்டுக்காரர் பெட்டியின் பக்கத்தில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டிகளும் வீட்டிலுள்ள கருவிகளுக்குப் போட்டி போட்டு முகவரி வழங்கியதால், கீழ் வீட்டில் மூன்று நாளாக நெட் வந்து வந்து போனதற்கும் அதுவே காரணம். பாவம், அந்த வீட்டுப் பாட்டி தம் கைப்பேசியைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல் வேறு. ரவுட்டரின் அமைப்புக்குள் நுழைவதற்கான கடவுச்சொல் வேறு. முதலாவது வாசல் சாவி என்றால் இரண்டாவது பீரோ சாவி. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வாசல் சாவி தருவார்கள். பீரோ சாவியைக் கேட்டு நிற்பது முறையன்று. உரிமையாளரின் அனுமதியின்றி அவருடைய வலையமைப்புக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது என்பதையும் தம்பிமார்கள் நினைவில் கொள்வது நல்லது.

பக்கம் திறக்கவில்லையா? முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் நெட் இல்லாதபோது கைப்பேசி சொல்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு வைஃபை விவரங்களில் கேட்வே (Gateway) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள்; அதுதான் ரவுட்டரின் முகவரி. விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளை அதைச் சொல்லும். அந்த எண்ணைத் தேடுபெட்டியில் அடிக்காமல் பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடியுங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் திறக்காது; அது கோளாறன்று, பாதுகாப்பு. சொந்த ரவுட்டர் வைப்பவர்கள், கேபிளைச் செருகுவதற்கு முன்பே அதன் முகவரியை 192.168.5.1 என்பதுபோல் மாற்றிவிட்டு, வான் துளையில் செருகுங்கள். அந்த மாணவரின் அறையில் நான் செய்ததும் இவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. ரேழிப் பெட்டியை மீட்கத்தான் அரை நாள் ஆயிற்று.

வீட்டுக்காரர்களே, ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் இருந்தாலும், இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், வைஃபைக்கும் அமைப்புப் பக்கத்துக்கும் உரிய கடவுச்சொற்களையும் உள்ளூரில் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை 'அட்மின்' என்றே விட்டுவைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக் கொண்டுதான் ஏராளமான கருவிகளுக்குள் புகுந்தது. குடித்தனக்காரர்களுக்கு விருந்தினர் வைஃபையைத் திறந்து கொடுங்கள்.

பெட்டியில் லாஸ் (LOS, சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் கோளாறு; எந்தக் கடவுச்சொல்லும் அதற்கு உதவாது. விளக்குகளைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஊக்கு புடவையிலேயே இருக்கட்டும்.