பசித்த மானும் ஆறு கிலோ மக்காச்சோளமும்

அக்டோபர் வந்தால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியில் பெட்ரோல் பங்க் வாசல்கள் காய்கறி மண்டி மாதிரி ஆகிவிடும். கேரட் மூட்டை, சர்க்கரை பீட்ரூட் மூட்டை, மக்காச்சோள மூட்டை. வாங்குகிறவர்கள் யாரும் சமையலுக்கு வாங்குவதில்லை. எல்லாம் மானுக்கு. காட்டுக்குள் தீனி கொட்டிவைத்து, வெள்ளைவால் மான் வந்து குனியும்போது சுடுவது அங்கே பழைய வழக்கம். நம்மூரில் புள்ளிமான் மேல் கை வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் ஜெயிலுக்கு அனுப்பிவிடும். அங்கே உரிமம் எடுத்துக்கொண்டு போகலாம். மாநிலத்தின் தென்பாதியான லோயர் பெனின்சுலாவில் 2019 ஜனவரி 31 முதல் தீனி வைக்கத் தடை. வடக்கே அப்பர் பெனின்சுலாவில் பெரும்பாலும் இன்னும் உண்டு. ஆனால் ஒரு இடத்தில் 2 கேலனுக்கு மேல் கூடாது. மக்காச்சோளமாக இருந்தால் ஏறக்குறைய 6 கிலோ. அதையும் குவியலாகக் கொட்டாமல் குறைந்தது பத்தடிக்குப் பத்தடி பரப்பில் இறைக்க வேண்டும்.

துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. அதற்கப்புறம் டிசம்பரில் வில், அம்போடு போகிறவர்கள்தான் சுவாரசியமான ஆட்கள். கணக்குப்படி பார்த்தால் அவர்களுக்கு வேலை சுலபமாக இருக்க வேண்டும். பச்சை இலை கிடையாது, தரை முழுக்கப் பனி, மானுக்கு அகோரப் பசி. சோளத்தைக் கண்டால் ஓடி வராதா? ஆனால் நடப்பது வேறு. கால் விறைக்க விறைக்கப் பரணில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவார்கள். மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவை எடுத்துப் பார்த்தால், ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு மான்கள் நிதானமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

மானுக்குப் பசி இல்லை என்று சொல்ல முடியாது. நவம்பர் இணைசேரும் பருவம். ஆண்மான் அந்தச் சில வாரங்கள் சாப்பாட்டை மறந்து பெண்மான்கள் பின்னால் அலையும். பருவம் முடியும்போது உடம்பில் கால்வாசி எடை கூடப் போயிருக்கும். அதே நேரத்தில் குளிர்காலத்துக்கான இன்னொரு ஏற்பாடும் உடம்பில் தொடங்குகிறது. பகல்பொழுது குறையக் குறைய மானின் வளர்சிதை மாற்றம் மந்தமாகிறது, நடமாட்டம் சுருங்குகிறது. பட்டியில் அடைத்து வயிறாரத் தீனி போட்டு வளர்த்த மான்களே குளிர்காலத்தில் தாமாகக் குறைத்துத் தின்று எடை இழக்கின்றன. இலையுதிர் காலத்தில் சேர்த்துவைத்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்து வசந்தம் வரை தள்ளுவதுதான் அதன் திட்டம். முழங்கால் ஆழப் பனியில் ஒவ்வொரு அடிக்கும் செலவு அதிகம். தூரத்துச் சோளத்துக்காக நடப்பது அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

இன்னொரு செலவும் இருக்கிறது: பயம். சூழலியலாளர் ஜோயல் பிரவுன் 1988-இல் இதை அளக்க ஓர் எளிய வழி சொன்னார். ஒரு தட்டில் மணலோடு விதைகளைக் கலந்து வைத்துவிடுங்கள். விலங்கு வந்து தின்னும். விதை குறையக் குறையத் தேடுவது கஷ்டமாகும். ஒரு கட்டத்தில் போதும் என்று போய்விடும். மிச்சம் எவ்வளவு என்று எண்ணுங்கள். ஆபத்தில்லாத மறைவிடத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆபத்தான வெட்டவெளியில் நிறைய மிஞ்சும். அந்த மிச்சம்தான் பயத்தின் விலை. வேட்டைக்காரரின் சோளமும் இப்படி ஒரு தட்டுதான். பகலில் அந்த இடத்தின் விலை மானுக்கு எக்கச்சக்கம், இரவில் மலிவு. நவம்பர் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மானுக்கு இந்த விலைப்பட்டியல் மனப்பாடம்.

ஒரு பெண்மான் வரும் விதத்தைப் பாருங்கள். நேராக வராது. தேவதாரு மறைப்பை ஒட்டி வளைந்து, காற்று சோளத்தின் மேல் வீசிவரும் பக்கமாகப் போய் நின்றுகொள்ளும். மூக்கைத் தூக்கும். முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டும். கால் மணி நேரம் அப்படியே நிற்கும். காற்றில் மனித வாடை ஒரு இழை கலந்திருந்தாலும் போதும், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் சோளத்துக்கு நேர் எதிரே உட்காருவதில்லை. அது வந்து மோப்பம் பிடிக்கும் பாதையைக் கணித்து, அதன் ஓரத்தில் பரண் கட்டுகிறார்கள். கடுங்குளிர் இறங்கும் நாட்களையும் விடமாட்டார்கள். குளிர் ஏற ஏற உடம்பு கேட்கும் எரிபொருள் கூடுகிறது, அப்போது மான் பொழுது சாய்வதற்குள்ளேயே துணிந்து வெளியே வந்துவிடும்.

சரி, வந்து தின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அம்பும் படவில்லை. பிழைத்ததா? அங்கேதான் வயிறு குறுக்கே வருகிறது.

2024-இல் கேரளத்தின் கொல்லத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற ஐந்து மாடுகள் இறந்தன. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாடு வயிறு உப்பிச் சாய்வதை நம் கிராமங்களிலும் பார்த்திருப்போம். மானும் மாடு மாதிரி அசைபோடும் பிராணி. அதன் முதல் வயிற்றில் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை என ஒரு பெருங்கூட்டம் குடியிருக்கிறது. தின்றதைப் புளிக்கவைத்துக் கொடுப்பது அவைதான். குளிர்காலத்தில் மான் தின்பது தேவதாருக் கொழுந்தும் மரக்குச்சிகளும். அதற்கேற்ற நுண்ணுயிர்களே அப்போது வயிற்றில் மிகுதி. திடீரென்று மூன்று கிலோ சோளம் உள்ளே விழுந்தால் மாவுச்சத்தை வெறியோடு தின்னும் பாக்டீரியா கூட்டம் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. வயிற்றின் அமிலநிலை தாறுமாறாகிறது, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன, உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. ஒன்று முதல் மூன்று நாளில் மான் செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் வயிறு நிறையச் சோளம். பட்டினியில் சாகவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

வயிற்றின் நுண்ணுயிர்க் கூட்டம் மெல்ல மாறினால் பிரச்சினை குறைவு. அதற்கு இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். இலையுதிர் காலத்திலேயே வயல்வெளிச் சோளத்தைத் தின்று பழகிய மான் தாங்கிக்கொள்ளும். ஆழ்ந்த காட்டு மானுக்கு டிசம்பர் கடைசியில் முதன்முதலாக ஒரு மூட்டையைக் கொட்டுவதுதான் ஆபத்து. பருவத்தின் பின்பகுதியில் திடீரென்று தீனி வைப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை என்பது என் குறை.

பத்தடிக்குப் பத்தடி இறைக்கச் சொல்லும் விதிக்குக் காரணம் இன்னொன்று. குவியல் என்றால் எல்லா வாயும் ஒரே இடத்தில். பலசாலி பெண்மான்கள் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்கால்களால் குத்திக் குட்டிகளை விரட்டும். அவை போனபின் எச்சில் பட்ட மிச்சத்தைக் குட்டிகள் தின்னும். மிச்சிகனின் வடகிழக்கில் 1994-இல் வேட்டையாடப்பட்ட ஒரு மானில் மாட்டுக் காசநோய் தெரியவந்து, பின்னர் அந்த வட்டாரத்து மான்களிடையே அது நிலைபெற்றிருப்பது உறுதியானது. தீனிக்குவியல் அதைப் பரப்ப உதவியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதைவிடப் பயங்கரம் பிரியான் என்ற உருக்குலைந்த புரதத்தால் வரும் நலிவு நோய். கொலராடோவின் ஆய்வுப் பட்டி ஒன்றில் 1967-இல் முதலில் கவனிக்கப்பட்டது. மிச்சிகனின் காட்டு மான்களில் 2015-இல் தென்பட்டது. எச்சில், சிறுநீர், சாணம் மூன்றிலும் பிரியான் வெளியேறும், மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். இறைத்துப் போட்டால் முகத்தோடு முகம் உரசுவது குறையும். மண்ணில் கிடக்கும் பிரியானுக்கு அது பதில் ஆகாது.

ஜனவரி 1 மாலையோடு வில் பருவம் முடிகிறது. அதற்கப்புறம் பெரும்பாலோர் சோளம் கொண்டுவருவதில்லை. அப்பர் பெனின்சுலா மான்கள் வழக்கமாகப் பனி ஏறும் முன்பே அடர்ந்த தேவதாருச் சோலைகளுக்கு இடம்பெயர்ந்து, கூட்டமாகப் பாதை மிதித்து வைத்துக்கொண்டு குளிரைக் கடத்தும். சோள ருசியில் பின்தங்கிப்போன மானுக்கு இப்போது தீனியும் இல்லை, மிதித்த பாதையும் இல்லை. சோலை இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி, நெஞ்சளவு பனிக்கு அப்பால் இருக்கிறது.